பிரேக் இன்ஸ்பெக்டரும் எப்.சி.யும்: பழைய வாகனங்களின் தகுதிச் சோதனை வரலாறு

தமிழ்நாட்டில் மோட்டார் வாகன ஆய்வாளரை அவருடைய அலுவல் பெயரால் அழைப்பவர்கள் குறைவு. லாரி ஓட்டுநர், பேருந்து முதலாளி, பட்டறை மெக்கானிக், ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் கல்லூரி மாணவர் என எல்லோருக்கும் அவர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’தான். விளக்கு, டயர், ஸ்டியரிங், கதவு, தளம் எனப் பலவற்றையும் அவர் பார்க்கிறார். ஆனாலும் மக்கள் நாவில் நின்றது பிரேக் மட்டுமே. அவர் கையெழுத்திடும் தகுதிச் சான்றுக்கும் அப்படியே ‘எப்.சி.’ என்ற சுருக்கப் பெயர் நிலைத்துவிட்டது. ‘வண்டி எப்.சி.க்குப் போயிருக்கு’ என்றால் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் சிறு பிள்ளைக்கும் புரியும்.

ஓடிப் பழகிய ஒரு வண்டியை அரசு ஏன் நிறுத்திச் சோதிக்க வேண்டும், அந்தச் சோதனை எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது, அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தகுதிச் சோதனையின் வரலாற்றில் பெரிதும் பேசப்படும் பிரித்தானியாவின் ‘பத்தாண்டுச் சோதனை’யும், இந்தியாவில், சிறப்பாகத் தமிழ்நாட்டில், எப்.சி. முறை கடந்துவந்த வழியும் இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பிரேக் ஏன் முதலில் நிற்கிறது?

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியைவிட 80 கி.மீ. வேகத்தில் போகும் அதே வண்டியிடம் நான்கு மடங்கு ஆற்றல் இருக்கிறது. பிரேக் செய்யும் வேலை இந்த ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றுவதுதான்.

பிரேக்கின் திறனைச் சதவீதத்தில் சொல்வது வழக்கம். வண்டி வேகம் குறையும் வீதம், புவியீர்ப்பு முடுக்கத்தில் எத்தனை பங்கு என்பதே அந்தச் சதவீதம். 50 சதவீதத் திறன் உள்ள வண்டி, மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் எடுத்துக்கொள்ளும். திறன் 25 சதவீதமாகக் குறைந்தால் 40 மீட்டர் தேவைப்படும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலை வைப்பதற்குள் வண்டி ஓடிவிடும் தொலைவு இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கை வேறொரு வகையிலும் பார்க்கலாம். இரண்டு வண்டிகளும் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி நின்றுவிட்ட அந்த 20-ஆவது மீட்டரை, இரண்டாவது வண்டி மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் கடக்கும். அந்த இடத்தில் சாலையைக் கடக்கும் ஒருவர் இருந்தால் அவர் பிழைப்பதும் பிழைக்காததும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

பிரேக் ஒரே நாளில் கெட்டுப்போவது அரிது. லைனிங் மெல்ல மெல்லத் தேய்கிறது. வீல் சிலிண்டரில் உள்ள ரப்பர் இறுகிக் கசிகிறது. இரும்புக் குழாய் துருப்பிடிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. ‘டாட் 3’ வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 140 பாகையாக இறங்கிவிடுகிறது. இந்த மாற்றங்கள் எல்லாம் மெதுவாக நிகழ்வதால் அன்றாடம் ஓட்டுபவருக்கு அவை தெரிவதில்லை. மிதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போக, காலும் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. வெளியாள் ஒருவர் வந்து அளந்து பார்க்க வேண்டியதன் அடிப்படைத் தேவை இங்குதான் பிறக்கிறது.

பிரேக்கின் வளர்ச்சி

தொடக்கக்கால மோட்டார் வண்டிகளின் பிரேக், குதிரை வண்டியிலிருந்து வந்தது. நெம்புகோலை இழுத்தால் ஒரு கட்டை சக்கரத்தின் விளிம்பில் அழுந்தும். 1897-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் தேய்மானம் தாங்கும் பிரேக் லைனிங்குகளை உருவாக்கும் முயற்சியில் இறங்கினார். அவருடைய பெயரின் எழுத்துகளை மாற்றியமைத்துப் பிறந்த வணிகப் பெயரே ‘ஃபெரோடோ’. 1902-இல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்குக்கு வடிவம் கொடுத்தார். அதே ஆண்டில் பர்மிங்காமில் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்த டிஸ்க் பிரேக் பரவலாக அரை நூற்றாண்டு ஆனது. 1953-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

கம்பியும் தண்டும் கொண்டு இயங்கிய பிரேக்குகளின் பெருங்குறை, நான்கு சக்கரங்களுக்கும் சமமான அழுத்தம் போகாதது. ஒரு பக்கம் அதிகம் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். திரவத்தின் வழியே அழுத்தத்தைச் செலுத்தும் ஹைட்ராலிக் பிரேக் இதற்குத் தீர்வாக வந்தது. 1921-இல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் வெளிவந்தது. ஆயினும் இந்தத் தீர்வு புதியதொரு ஆபத்தையும் கொண்டுவந்தது. ஒரே குழாய்த் தொகுதியில் எங்கு கசிந்தாலும் மிதி முழுவதும் செயலிழக்கும். திரவத் தொகுதியை இரண்டாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும்படி செய்யும் முறை 1960-களில்தான் பரவியது. அதற்கு முன் செய்யப்பட்ட கார்களில், கசிந்த ஒரு குழாய்க்கும் விபத்துக்கும் இடையே எஞ்சியிருந்தது ஹேண்ட் பிரேக் ஒன்றே.

இத்தொழில் தமிழ்நாட்டோடும் நெருங்கிய தொடர்புடையது. 1962-இல் தொடங்கப்பட்டுச் சென்னை பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனமும், 1964-இல் தொடங்கப்பட்ட ரானே பிரேக் லைனிங் நிறுவனமும் நாட்டின் பிரேக் உறுப்புத் தேவையில் பெரும்பங்கு வகித்துவருகின்றன.

கொதிகலனிலிருந்து காருக்கு

ஓர் இயந்திரத்தைக் குறிப்பிட்ட கால இடைவெளியில், அதன் உரிமையாளர் அல்லாத ஒருவர் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் காரோடு பிறந்ததன்று. அதன் வேர் நீராவிக் கொதிகலனில் இருக்கிறது. 1865-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பீர் ஆலை ஒன்றின் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டே அப்பகுதிக் கொதிகலன் உரிமையாளர்கள் கூடி, தங்கள் கொதிகலன்களைத் தொடர்ந்து சோதிப்பதற்கு ஒரு சங்கம் அமைத்தனர். இத்தகைய சங்கங்களின் வழிவந்தவையே இன்று ஜெர்மனியில் கார்களைச் சோதிக்கும் ‘ட்யூஃப்’ அமைப்புகள். அங்கு 1951-இல் வாகனங்களுக்கான காலமுறைச் சோதனை கட்டாயமாயிற்று. 1961 முதல் சோதனையில் தேறிய வண்டியின் எண் பலகையில் ஒட்டுவில்லை ஒட்டப்படுகிறது. ஜப்பானின் ‘ஷாக்கென்’ சோதனைக்கு அடிப்படையான சட்டமும் 1951-ஆம் ஆண்டில் வந்ததே.

பிரித்தானியாவில் 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் வண்டிகளைப் பதிவு செய்யவைத்தது. வேக வரம்பை மணிக்கு 20 மைலாக்கியது. ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் வண்டியில் இருக்க வேண்டும் என்ற விதியும் அக்காலத்திலேயே இருந்தது. ஆனால் அந்தப் பிரேக்குகள் பிடிக்கின்றனவா என்று ஆண்டுதோறும் பார்க்க எவரும் இல்லை. 1930-இன் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பேருந்துகளை ஆய்வு வளையத்துக்குள் கொண்டுவந்தது. தனியார் காரோ, விற்பனையகத்தை விட்டு வெளியே வந்த நாள் முதல் இரும்புக் கடைக்குப் போகும் நாள் வரை எவர் கண்ணிலும் படாமல் ஓடலாம் என்ற நிலை தொடர்ந்தது.

பிரித்தானியாவின் பத்தாண்டுச் சோதனை

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் தனியார் பயன்பாட்டுக்கான கார் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோயிற்று. போருக்குப் பின்னும் புதிய கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போனது. ஆகவே 1930-களில் செய்யப்பட்ட கார்கள் 1950-களின் சாலைகளிலும் ஓடின. சாலைகளோ நெரிசலாகி, வேகமும் கூடிவந்தது. 1960-இல் அந்நாட்டில் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 7,000 பேர் இறந்தனர்.

1956-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தனியார் வாகனங்களைச் சோதிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ் காலத்தில், 1960 செப்டம்பர் 12 அன்று சோதனைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு வர வேண்டும். பார்க்கப்பட்டவை பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்று மட்டுமே. போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமான ‘எம்.ஓ.டி.’ என்பதே சோதனையின் பெயராயிற்று. அந்த அமைச்சகத்தின் பெயர் பலமுறை மாறிவிட்டது. மக்கள் மட்டும் இன்றும் ‘எம்.ஓ.டி.’ என்றே சொல்கின்றனர். நம் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ போல அதுவும் மக்கள் நாவில் நிலைத்த பெயர்.

சோதனை தொடங்கியதும் தோற்ற வண்டிகளின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. இதன் விளைவாக 1961-லேயே வயது வரம்பு ஏழு ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 1967-இல் அது மூன்று ஆண்டாயிற்று. இந்த வரம்பே இன்றும் நடப்பில் உள்ளது. சோதிக்கப்படும் உறுப்புகளும் கூடிக்கொண்டே வந்தன. 1968-இல் டயர் சேர்ந்தது. 1977-இல் கண்ணாடித் துடைப்பான், திசை விளக்கு, புகைபோக்கி, அடிச்சட்டத்தின் உறுதி ஆகியவை சேர்ந்தன. 1991-இல் புகை அளவு சேர்ந்தது. மூன்று வரிச் சோதனையாகத் தொடங்கியது முப்பது ஆண்டுகளில் தடித்த கையேடாக வளர்ந்தது.

அங்கு சோதிப்பவர் அரசு ஊழியர் அல்லர். அரசு ஒப்புதல் பெற்ற தனியார் பட்டறைக்காரர். இதனால் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சோதனை வசதி கிடைத்தது. அதே நேரத்தில், குறை கண்டுபிடிப்பவரே அதைச் சரிசெய்து பணம் வாங்குபவராகவும் இருப்பது முறையா என்ற கேள்வியும் தொடக்கம் முதல் இருந்துவருகிறது. வட அயர்லாந்தில் மட்டும் அரசு மையங்களிலேயே சோதனை நடக்கிறது.

இந்தியாவில் எப்.சி.யின் தோற்றம்

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. அதைவிட விரிவான 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவுதான் இன்றைய எப்.சி.யின் மூத்த வடிவம். வாடகைக்கும் வணிகத்துக்கும் ஓடும் வாகனம் தகுதிச் சான்று இல்லாமல் பதிவு பெற்றதாகக் கருதப்படாது என அப்பிரிவு கூறியது. 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே கருத்து 56-ஆம் பிரிவாக இடம்பெற்றது.

1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புதிய போக்குவரத்து வாகனத்துக்கு முதல் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2018 நவம்பரில் இந்த விதி திருத்தப்பட்டு, எட்டு ஆண்டு வரையிலான வாகனத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் சோதனை என்றாயிற்று.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எப்.சி. என்பது லாரி, பேருந்து, வேன், ஆட்டோ, வாடகைக் கார் போன்றவற்றுக்குரியது. சொந்தக் காருக்கும் இருசக்கர வண்டிக்கும் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்த 15 ஆண்டுக்குள் அவற்றின் பிரேக்கை அளந்து பார்க்கச் சொல்லும் காலமுறைச் சோதனை இல்லை. 15 ஆண்டு முடிந்து, பதிவை ஐந்து ஆண்டுக்கு நீட்டிக்கும்போதுதான் வண்டி முதன்முறையாக ஆய்வுக்கு வருகிறது. பிரித்தானியாவில் மூன்றாம் ஆண்டில் தொடங்குவது இங்கு பதினாறாம் ஆண்டில் தொடங்குகிறது. நம் சாலைகளில் எண்ணிக்கையில் மிகுந்தது இருசக்கர வண்டி என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சோதனைக்கு வெளியே நிற்கும் பகுதி எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

எப்.சி. நாள்

எப்.சி. நெருங்கும்போது வண்டி பட்டறைக்குப் போகும். லைனிங் மாற்றுவார்கள், பட்டை பார்ப்பார்கள், வயரிங் சரிசெய்வார்கள், புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். பின்புறத்தில் ‘ஒலி எழுப்பவும்’ என்று அழகாக எழுதுவார்கள். லாரியின் ஆண்டு ஓட்டத்தில் முழுப் பராமரிப்பு நடப்பது பெரும்பாலும் அந்த ஒரு முறைதான். அவ்வகையில் எப்.சி. செய்யும் பெரிய நன்மை, ஆய்வாளர் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. சோதனை இருக்கிறது என்ற ஒன்றே பழுதைச் சரிசெய்ய வைக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து கழற்றுவதும், இடைத்தரகர் வழியே வண்டி போகாமலேயே சான்று மட்டும் வருவதும் நாடெங்கும் பேசப்படும் பழைய குறைகள். பெயிண்டின் பளபளப்பு கண்ணை நிறைக்க, பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்க நேரமில்லாமல் போவதும் உண்டு. ஓர் ஆய்வாளர் ஒரே நாளில் பல வண்டிகளைப் பார்ப்பதோடு உரிமத் தேர்வும் நடத்த வேண்டியிருந்தால், ஒவ்வொரு வண்டிக்கும் கிடைப்பது சில நிமிடங்களே.

காலால் பார்ப்பதிலிருந்து கருவியால் அளப்பதற்கு

பிரேக் சோதனையின் பழமையான முறை, வண்டியை ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்ப்பது. எங்கே நின்றது, நேராக நின்றதா, பக்கவாட்டில் இழுத்ததா என்று அனுபவமுள்ள கண் கண்டுகொள்ளும். ஆனால் இருவர் பார்த்தால் இரு முடிவுகள் வரலாம்.

இக்குறையை நீக்க வந்த முதல் கருவிகளுள் ஒன்று டேப்ளி மீட்டர். வண்டியின் தளத்தில் வைக்கப்படும் இச்சிறு கருவிக்குள் ஓர் ஊசல் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது ஊசல் முன்னோக்கிச் சாயும். எவ்வளவு சாய்ந்தது என்பதே பிரேக்கின் திறனைச் சதவீதமாகக் காட்டும். பிரித்தானியச் சோதனையில் பெரும்பாலான கார்களுக்கு மிதி பிரேக் 50 சதவீதத் திறன் காட்ட வேண்டும் என்பது நெடுங்கால அளவு. 2010 செப்டம்பர் முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்கு அது 58 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

டேப்ளி மீட்டர் வண்டி முழுவதுமாக எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லும். எந்தச் சக்கரம் ஏமாற்றுகிறது என்பதைச் சொல்லாது. அதற்காக வந்ததே உருளைச் சோதனைக் கருவி. தரையில் பதித்த உருளைகளின் மேல் ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஏற்றி நிறுத்துவார்கள். மோட்டார் உருளைகளைச் சுழற்ற, அவை சக்கரங்களைச் சுழற்றும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது ஒவ்வொரு சக்கரமும் உருளையை எவ்வளவு விசையுடன் தடுக்கிறது என்பது தனித்தனியே பதிவாகும். இடமும் வலமும் மிகவும் வேறுபட்டால், மொத்தத் திறன் போதுமானதாக இருந்தாலும் வண்டி தோற்கும். ஈரச் சாலையில் வண்டி திடீரெனச் சுழன்று எதிர்ப்பக்கம் போவதற்கு இந்தச் சமனின்மை ஒரு முக்கியக் காரணம்.

உருளையாலும் காண முடியாதவை உண்டு. சோதனை மிகக் குறைந்த வேகத்தில், குளிர்ந்த பிரேக்கில் நடக்கிறது. மலைப்பாதையில் நடப்பது வேறு. 12 டன் எடையுள்ள பேருந்து ஒன்று 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழிறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல், ஏறத்தாழ 400 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநர் குறைந்த கியரில் இறங்காமல் பிரேக்கையே நம்பினால் லைனிங் சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஈரம் ஏறிய பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். மிதி வெறுமனே கீழே போகும். காலையில் உருளையின் மேல் நன்றாகத் தேறிய வண்டிக்கும் மாலையில் இது நேரலாம். எனவே சோதனைச் சான்று ஓட்டும் முறைக்கு மாற்றாகாது.

2012: சான்று இருந்தும் ஓட்டை இருந்தது

தமிழ்நாட்டில் தகுதிச் சோதனை குறித்த விவாதத்தை அலுவலகச் சுவர்களுக்கு வெளியே கொண்டுவந்த நிகழ்வு 2012 ஜூலை 25 அன்று நடந்தது. தாம்பரம் அருகே, பள்ளி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்கு அண்மையில்தான் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது என்பது தெரிந்தபோது மாநிலமே அதிர்ந்தது.

ஓட்டையைக் காண உருளைக் கருவி தேவையில்லை, ஊசலும் தேவையில்லை. பேருந்துக்குள் ஏறி ஓர் இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தால் போதும். ஆகவே மக்கள் கேட்ட கேள்வி தொழில்நுட்பம் பற்றியதாக இருக்கவில்லை. பார்த்தார்களா, பார்க்கவில்லையா என்பதே அவர்கள் கேட்டது.

சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு, பள்ளி வாகனங்களை ஒழுங்குபடுத்தும் சிறப்பு விதிகளை 2012-லேயே வெளியிட்டது. இன்று ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், பள்ளி திறக்கும் முன், மாவட்டந்தோறும் பள்ளிப் பேருந்துகளை ஒரு திடலில் வரிசையாக நிறுத்தி, போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறை அலுவலர்கள் கூட்டாக ஆய்வு செய்கின்றனர். பிரேக்கோடு தளம், அவசரக் கதவு, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவையும் பார்க்கப்படுகின்றன. ஆண்டுதோறும் செய்தித்தாளில் வரும் அந்த ஒளிப்படத்துக்குப் பின்னால் ஒரு குழந்தையின் இறப்பு இருக்கிறது என்பது பலருக்கு இப்போது நினைவில் இல்லை.

வயதா, நிலையா?

பழைய வண்டியை வயதைக் கொண்டு விலக்குவதா, அதன் நிலையைக் கொண்டு மதிப்பிடுவதா என்பது தகுதிச் சோதனை வரலாற்றில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி. 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லிப் பகுதியில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் எதிராக உத்தரவிட்டது. காற்று மாசைக் கருதி எழுந்த இந்த ஆணைகள் வயதையே அளவாகக் கொண்டன.

2021 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட வாகன அழிப்புக் கொள்கை, சோதனையில் தோற்ற வண்டியே அழிப்புக்கு உரியது என்ற அணுகுமுறையை முன்வைத்தது. அதே நேரத்தில் 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு வண்டியின் வயது என்பது வெறும் எண் அன்று. அது அவருடைய கடன் முடிந்து, முதன்முறையாகக் கையில் பணம் நிற்கத் தொடங்கும் காலம். நன்றாகப் பராமரித்த 16 ஆண்டு லாரிக்கும், கவனிப்பாரற்ற 6 ஆண்டு லாரிக்கும் இடையே எது ஆபத்தானது என்பதைப் பிறந்த ஆண்டு சொல்லாது, பிரேக்தான் சொல்லும்.

மிகப் பழைய வண்டிகளின் நிலை இன்னும் வேறானது. பிரித்தானியாவில் 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 ஆண்டு கடந்த கார்களுக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. அவற்றை வைத்திருப்போர் ஆர்வத்தோடு பேணுகின்றனர், குறைவாகவே ஓட்டுகின்றனர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பத்தாண்டு கடந்த வண்டிகளை நம்ப முடியாது என்று தொடங்கிய சோதனை, நாற்பதாண்டு கடந்தவற்றை நம்பி விட்டுவிட்டது. இந்தியாவில் 2021-இல் வந்த விதியின்படி 50 ஆண்டு கடந்த வாகனங்கள் பழம்பெரும் வாகனங்களாகத் தனி எண் வரிசையில் பதிவாகின்றன. அவற்றை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது.

சோதனை உயிர் காக்கிறதா?

எல்லா நாடுகளும் ஒரே திசையில் செல்லவில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2010-இல் தனியார் கார்களின் இயந்திரப் பாதுகாப்புச் சோதனையைக் கைவிட்டது. டெக்சாஸ் மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் அதை நீக்கியது. 2005 முதல் 2007 வரை அந்நாட்டில் நடந்த விபத்துக் காரண ஆய்வில் ஏறத்தாழ 94 சதவீத விபத்துகளில் இறுதிக் காரணமாக ஓட்டுநரும், 2 சதவீதத்தில் வாகனமும் குறிக்கப்பட்டன. இவ்வளவு சிறிய பங்குக்கு இவ்வளவு செலவா என்று எதிர்ப்பவர்கள் கேட்கின்றனர்.

இதற்கு இரண்டு பதில்கள் உள்ளன. முதலாவது, ஓட்டுநர் தவறு செய்த பிறகும் வண்டி நல்ல நிலையில் இருந்தால் விபத்து தவிரலாம். தாமதமாகப் பிரேக் பிடித்தவரைக் காப்பாற்றுவது முழுத் திறனுள்ள பிரேக்தான். ஆனால் அப்படித் தவிர்ந்த விபத்து எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. இரண்டாவது, புதிய கார்கள் மிகுந்த நாட்டின் கணக்கை, பளு மிகுந்த பழைய லாரிகளும் மலைப்பாதைப் பேருந்துகளும் ஓடும் நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது.

இந்தியா இப்போது இயந்திரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2019-இன் திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வெளிவந்தன. உருளைக் கருவியின் அளவு நேராகக் கணினிக்குப் போக, சான்று அதன் அடிப்படையில் வழங்கப்படும். சோதனை நிலையம் நடத்துபவர் வண்டி பழுதுபார்க்கும் தொழிலோ உதிரிப்பாக விற்பனையோ அங்கு செய்யக்கூடாது என்றும் விதி உள்ளது. பிரித்தானிய முறையில் எழுந்த பழைய கேள்விக்கு இது ஒரு பதில் எனலாம். கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரலில் கட்டாயமாக வேண்டிய இத்திட்டம், போதிய நிலையங்கள் அமையாத நிலையில் 2024 அக்டோபர் வரை தள்ளிப்போனது.

கருவி வந்தால் கையூட்டும் கண்மூடலும் குறையும் என்பது எதிர்பார்ப்பு. பிரேக்கின் விசையைப் பொறுத்தவரை அது நியாயமானதே. ஆனால் தளத்தின் துருவையும், பலகை மூடிய ஓட்டையையும், உடைந்த பட்டையையும் காண இன்றும் ஒரு மனிதர் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சோதனை ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கிறது. மீதமுள்ள 364 நாள்களும் வண்டியைப் பார்க்க வேண்டியவர் அதன் உரிமையாளரும் ஓட்டுநரும்தான். காலையில் சாவி போடும் முன் டயரைத் தட்டிப் பார்க்கும், வண்டி நகர்ந்ததும் முதல் பத்து அடிக்குள் ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்க்கும் பழைய ஓட்டுநர்களின் பழக்கம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எப்.சி. அந்தப் பழக்கத்துக்குத் துணைதான்.